தண்டையார்பேட்டை வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும், நான் இருக்கறது கோவையில

கடலோரக்காரி
ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. கல்யாணமாகி கோவை வந்து 17 வருஷம் ஆச்சு. தை மாசம் அப்பா தவறிட்டார். அவர் கட்டின வீடு இப்போ எனக்கும் தம்பிக்கும் வருது. கீழே ரெண்டு போர்ஷன், மாடியில ஒண்ணு, மூணுலயும் குடித்தனம், அப்பா இருந்த ரூம் தனி. அதுபோக கொளத்தூர்ல ஒரு ஃபிளாட். தம்பி கனடாவுல இருக்கான், அவனால ஃபோன்ல விசாரிக்கத்தான் முடியும்.

அப்பா முடியாம படுத்ததுல இருந்து பக்கத்து வீட்டு மாமாதான் பார்த்துக்கிட்டார். ஒண்ணாந்தேதி காலையில வாடகை வாங்கி, கோடு போட்ட நோட்டுல எழுதி, நடந்தே பேங்குக்குப் போய்க் கட்டிட்டு வருவார். ஒரு பைசா வாங்கிக்க மாட்டார். பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாலே கோவிச்சுக்குவார். இப்போ அவருக்கு 76. மூட்டு ஆபரேஷன் முடிஞ்சு பொண்ணு போரூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் ரெண்டே மாசம்தான். மோட்டார் காயில் எரிஞ்சுது. இங்கேருந்து நான் மூணு பேருக்கு ஃபோன் போட்டு, ஒருத்தர் வந்து பார்த்து, இன்னொருத்தர் கழட்டிட்டுப் போய், திரும்ப மாட்டறதுக்கு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் மாடி வீட்டுல குடத்துல தண்ணி ஏத்தியிருக்காங்க. வயசான அம்மா இருக்கற வீடு அது. அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லலை. கீழ் வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

நம்பிக்கையான ஆள் வேணும். எங்கே தேடுறது, என்ன கேக்கறது, எவ்வளவு கொடுக்கறது, ஒண்ணும் தெரியலை. ரெண்டு புரோக்கரும் ஒரு கம்பெனியும் பேசியிருக்காங்க. எல்லாருமே நல்லாத்தான் பேசுறாங்க. வெளியூர்ல இருந்துக்கிட்டு அந்தப் பக்கம் வீடு வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.


வில்லிவாக்கம் வாசி
ஞாயிறு, இரவு 9.50

வித்துட்டு கோவையிலயே ஒண்ணு வாங்கிடுங்க. 2021 பிப்ரவரியில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் போனதுல இருந்து அந்தப் பக்கம் வாங்க ஆள் இருக்கு.


கடலோரக்காரி
ஞாயிறு, இரவு 10.02

விக்கறதா இல்லைங்க. அந்த வீட்டுக்குக் கடக்கால் எடுத்தப்போ நான் ஏழாவது படிச்சேன். லீவு நாள்ல செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கேன்.


சாவிக்கொத்து
திங்கள், காலை 6.40

அம்மா, நான் இந்த வேலைதான் பண்றேன். பெரம்பூர், வியாசர்பாடி, மூலக்கடை, கொடுங்கையூர்னு மொத்தம் 19 வீடு. ஆரம்பத்துல நானும் புரோக்கர்தான். ஓனருங்க சாவியைக் கொடுத்துட்டுப் போவாங்க, அப்புறம் குழாய் உடைஞ்சாலும் என்னையே கூப்பிடுவாங்க, அப்படியே வந்து விழுந்த தொழில் இது.

என் கணக்கை முதல்ல சொல்லிடறேன். வாடகையில 8 சதவீதம். வீடு காலியா கிடக்கற மாசத்துக்கு எதுவும் கிடையாது. புதுக் குடித்தனம் வெச்சா அரை மாச வாடகை. ரிப்பேருக்கு பில்லு என்னவோ அது, மேல ஒரு ரூபா வைக்க மாட்டேன். எல்லாரும் இப்படித்தான்னு சொல்லலை. சில பேர் சதவீதம் கம்மியா சொல்லிட்டு பிளம்பர்கிட்ட கமிஷன் எடுத்துடுவாங்க. 5 சதவீதம்னு சொல்ற ஆள்கிட்ட ஓவர்ஹெட் டேங்க் கழுவ எவ்வளவுன்னு கேளுங்க. அங்க தெரிஞ்சுடும்.

வேலைன்னா என்னன்னு வெளியூர்ல இருக்கற ஓனருக்குத் தெரியறதில்லை. வாடகை வாங்கறது மாசத்துல ஒரு நாள். மீதி நாளெல்லாம் தண்ணிதான். குடிநீர் வாரியம் குழாயில விடற மெட்ரோ தண்ணி எந்த நேரத்துக்கு விடறான், கைபம்புல எவ்வளவு நேரம் வருது, தரைக்கடியில இருக்கற சம்ப்புத் தொட்டியில சாக்கடை கலக்குதா, மோட்டாரை யார் போடறது, யார் நிறுத்தறது. உங்க வீடு மாதிரி ஒரே மோட்டார், மூணு குடித்தனம் இருக்கற இடத்துல சண்டையே அந்த சுவிட்ச்சுலதான் ஆரம்பிக்கும். காமன் மீட்டர் பில்லை எப்படிப் பிரிக்கறதுன்னு அடுத்த சண்டை. டிரெய்னேஜ் அடைச்சா குடிநீர் வாரியத்தோட 1916க்குப் போட்டு கம்ப்ளைண்ட் நம்பர் வாங்கி, மறுநாள் வண்டி வர்ற வரைக்கும் தெருவுல நிக்கணும். நிக்கற ஆளா பாருங்க.

இன்னொண்ணு, தூரம். பெரம்பூர்ல இருந்து வண்டியில இருபது நிமிஷத்துல போக முடியாத வீட்டை நான் எடுக்கறதில்லை. தண்டையார்பேட்டை எனக்கு முடியாது. அந்த ரயில்வே கேட்டு, கன்டெய்னர் லாரியெல்லாம் தாண்டி அவசரத்துக்கு வர முடியாது. எடுத்துக்கிட்டு உங்களை ஏமாத்த மனசில்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, புது வண்ணாரப்பேட்டைக்குள்ளயே ஆள் பாருங்க. அங்கயே குடியிருக்கறவரா இருந்தா ரொம்ப நல்லது.


கப்பலில் இருந்து
திங்கள், இரவு 11.30

இதை எழுதலாமான்னு நேத்துல இருந்து யோசிச்சேன். எழுதிடறேன், யாராவது ஒருத்தருக்காவது உதவும்.

நான் சரக்குக் கப்பல்ல வேலை பார்க்கறேன். ஒரு தடவை ஏறினா எட்டு மாசம். சொந்த ஊர் ராயபுரம். மாதவரம் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கி, தெரிஞ்சவர் மூலமா வந்த ஒருத்தர்கிட்ட கொடுத்தேன். மாச வாடகை 16,000. ஐடியில வேலை பார்க்கற குடும்பம்னு சொன்னார். ஒவ்வொரு மாசமும் மூணாம் தேதிக்குள்ள என் கணக்குல பணம் விழுந்துடும். ஒரு மாசம் கூடத் தப்பலை. நான் கூட வேலை பார்க்கறவங்ககிட்டல்லாம் அவரைப் பத்திப் பெருமையா சொல்லியிருக்கேன்.

பதினாலு மாசம் வந்தது. பதினஞ்சாவது மாசம் வரலை. ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். லீவுல இறங்கினதும் நேரா வீட்டுக்குப் போய் பெல் அடிச்சேன். ஒரு அம்மா கதவைத் திறந்தாங்க. நான்தான் ஓனர்னு சொன்னதும் உட்காரச் சொல்லி, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு வந்தாங்க. உள்ளே ஸ்டாம்ப் பேப்பர். ரெண்டு வருஷ லீஸ், 7 லட்சம், மாச வாடகை கிடையாது. கீழே நீல மையில என் கையெழுத்து. என் இன்ஷியலே தப்பு. "லீஸ் முடிய இன்னும் பத்து மாசம் இருக்கே சார், அதுக்குள்ள காலி பண்ணச் சொல்ல வந்தீங்களா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல வேலை, பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்த பணமாம் அது.

கணக்கு போட்டுப் பாருங்க. அவங்ககிட்ட வாங்கினது 7,00,000. எனக்கு வாடகைன்னு கொடுத்தது 2,24,000. அவங்க பணத்துலயே எனக்கு மாசாமாசம் படியளந்திருக்கான். மீதி 4,76,000 அவன் கையில. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம இருக்கற வரைக்கும்தான் அந்த ஆட்டம் நடக்கும். அதுக்காகவே என்கிட்ட, "குடித்தனக்காரங்ககிட்ட நீங்க நேரா பேசாதீங்க சார், இடம் கொடுத்தா தலைமேல ஏறிடுவாங்க"ன்னு சொல்லி வெச்சிருந்தான். அவங்ககிட்ட, "ஓனர் கப்பல்ல இருக்கார், சிக்னல் கிடைக்காது"ன்னு சொல்லியிருக்கான்.

போலீஸ்ல ரெண்டு பேரும் சேர்ந்தே புகார் கொடுத்தோம். கேஸ் நடக்குது. அவங்களை மீதி பத்து மாசம் வாடகை இல்லாம இருக்கச் சொல்லிட்டேன். சட்டப்படி நான் செய்ய வேண்டியதில்லைன்னாங்க. இருக்கட்டும்.

அதனால தங்கச்சி, வாடகை சரியான தேதிக்கு வர்றதை வெச்சு ஆளை நம்பாதீங்க. குடியிருக்கறவங்க முகத்தை நீங்க பார்த்திருக்கணும், உங்க நம்பர் அவங்ககிட்ட இருக்கணும். ஓனர்கிட்ட பேசாதேன்னு குடித்தனத்துக்குச் சொல்ற ஆள் யாரா இருந்தாலும் அன்னிக்கே சாவியை வாங்கிடுங்க.


மாடிப்படி
செவ்வாய், மதியம் 1.20

கப்பல் அண்ணா, அந்தக் குடும்பத்தை நீங்க வெளியே தள்ளாம இருந்ததுக்குக் கையெடுத்துக் கும்பிடறேன்.

நான் குடித்தனக்காரி. திருவொற்றியூர் தேரடி பக்கம் இருக்கேன். எங்க ஓனர் எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது. மேனேஜர்னு ஒருத்தர் வருவார். பாத்ரூம் மேல சிலாப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியுது. கடல் காத்து, கம்பி துருப்பிடிச்சு உப்பிப் போய் நிக்குது. குழந்தை குளிக்கறப்போ நான் மேலயே பார்த்துக்கிட்டு நிக்கறேன். நாலு தடவை சொல்லியாச்சு. "ஓனர்கிட்ட சொல்லிட்டேன், பணம் வரலை"ங்கறார். ஓனர்கிட்ட சொன்னாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில வந்து பட்டி வெச்சு வெள்ளையடிச்சுட்டு, போட்டோ எடுத்துட்டுப் போனார். அந்தப் போட்டோவைப் பார்த்து ஓனர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆறு மாசத்துல திரும்ப உதிருது.

அக்கா, நீங்க மேனேஜர் வெச்சா வெள்ளையடிச்ச போட்டோ கேக்காதீங்க. வேலை நடக்கறப்போ எடுத்த போட்டோ கேளுங்க. துருவைத் தேய்ச்சு எடுத்தாங்களா, கம்பிக்கு பிரைமர் அடிச்சாங்களான்னு அதுலதான் தெரியும். பூசி முடிச்ச பிறகு எல்லாச் சுவரும் அழகாத்தான் இருக்கும்.


சாவிக்கொத்து
செவ்வாய், இரவு 8.05

மாடிப்படி சொல்றது நியாயம். ஆனா மறுபக்கத்தையும் சொல்லிடறேன். ஓனர் நிஜமாவே பணம் அனுப்பாத வீடு என்கிட்ட ரெண்டு இருந்தது. மழைக்காலத்துல கூரை ஒழுகுது, போட்டோ அனுப்பறேன், புளூ டிக் வருது, பதில் வராது. குடித்தனக்காரங்க என் முகத்துலதான் கேக்கறாங்க. ரெண்டு வீட்டையும் திருப்பிக் கொடுத்துட்டேன். இப்போ புதுசா வீடு எடுத்தா 5,000 ரூபா முன்பணமா என்கிட்ட இருக்கணும்னு சொல்லிடறேன். 2,000 வரைக்கும் கேக்காமலே செலவு பண்ணுவேன், பில்லு அனுப்புவேன். அதுக்கு மேலன்னா ஃபோன் பண்ணிக் கேப்பேன். ஃபியூஸ் போனதுக்கெல்லாம் கனடாவுல இருக்கற தம்பிகிட்ட சம்மதம் கேட்டுக்கிட்டு இருந்தா, அந்தப் பாட்டியம்மா திரும்பவும் குடம்தான் தூக்கணும்.


பத்திர எழுத்து
புதன், காலை 10.15

சகோதரி, நான் செம்பியத்தில் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஆள் தேடுவதற்கு முன்னால் தாளில் முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் வாரிசுச் சான்றிதழ். அதன் பிறகு சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றம். அப்பா பெயரிலேயே ரசீது ஓடிக்கொண்டிருந்தால் நாளை வாடகை ஒப்பந்தம் பதியும்போது சிக்கல். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கும். இதை நீங்களே கோவையில் இருந்து கட்டலாம். மேனேஜரிடம் பணமாகக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, பவர். வீட்டைப் பார்த்துக்கொள்ள வருபவர் "பொது அதிகாரப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், எல்லாம் சுலபம்" என்பார். கொடுக்க வேண்டாம். வாடகை வசூலிக்க, பழுது பார்க்க, குடிநீர் வாரியத்திலும் மின் வாரியத்திலும் மனுக் கொடுக்க ஒரு மேலாண்மை ஒப்பந்தமும் அதிகாரக் கடிதமும் போதும். விற்க, அடமானம் வைக்க, முன்பணம் பெற, குத்தகைக்கு விட என்ற சொற்கள் அதில் எங்கும் வரக்கூடாது. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் தம்பி உங்களுக்குக் கொடுக்கும் பவர் வேறு விஷயம். அவர் கனடாவில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம். பதினோரு மாதம் என்று எழுதிவிட்டால் பதிய வேண்டாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், பதிவு எண் தருவார்கள். அந்தப் படிவத்தில் சொத்து மேலாளர் பெயர், முகவரிக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது. நீங்கள் அமர்த்தும் ஆளிடம் "உங்கள் பெயரை அதில் போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். தயங்குகிறவரை விட்டுவிடுங்கள்.

கப்பலில் இருக்கும் தம்பிக்கு நடந்தது போன்ற லீஸ் மோசடியோடு எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் எந்தத் தாளும் பதிவாகியிருக்காது. பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் சொத்துக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருந்தால் அங்கே தெரியும். ஆனால் பதியாத லீஸ் பேப்பர் அதில் தெரியாது. அதற்கு நேரில் போய்க் கதவைத் தட்டுவது ஒன்றுதான் வழி.


வளைகுடா வாசி
புதன், இரவு 10.40

நான் ஒரு சின்ன விஷயம் சொல்றேன். ஈபி கனெக்‌ஷன்ல உங்க மொபைல் நம்பரைப் போட்டு வெச்சுக்கோங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்ததும் மெசேஜ் வரும்.

எருக்கஞ்சேரியில இருக்கற என் வீடு காலியா இருக்கு, ஆள் வரலைன்னு பார்த்துக்கிட்டவர் சொல்லிக்கிட்டே இருந்தார். நானும் வாடகையைக் குறைச்சுக்கச் சொல்லி, சரி வரட்டும்னு விட்டுட்டேன். மெசேஜைத் திறந்து பார்த்தா 340 யூனிட். பூட்டின வீட்டுல 340 யூனிட் எப்படி ஓடும்? கேட்டா மீட்டர் ஃபால்ட்டுன்னார். என் மச்சானைப் போகச் சொன்னேன். உள்ளே நாலு பசங்க, கட்டில், ஃபிரிட்ஜ், ஒரு ஏசி. தலைக்கு 4,500 வாங்கிக்கிட்டு ஹாஸ்டல் மாதிரி நடத்தியிருக்கார். பசங்க பாவம், ரசீது கூட இல்லை.

இன்னொண்ணு, உங்க தம்பி கனடாவுல இருக்கறதால அவர் பங்கு வாடகைக்கு வரி விஷயம் வேற. வெளிநாட்டுல இருக்கறவருக்கு வாடகை கொடுக்கறப்போ குடியிருக்கறவங்க 31.2 சதவீதம் பிடிச்சுக் கட்டணும்னு சட்டம், தொகை சின்னதா இருந்தாலும். பணமும் பொதுவா அவரோட என்ஆர்ஓ கணக்குக்குத்தான் போகும், அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்க இங்க வர்ற வருமானத்துக்கு வெச்சுக்கற பேங்க் கணக்கு. குறைவாப் பிடிக்கச் சொல்லி வருமான வரித் துறையில சான்றிதழ் வாங்கலாம். நல்ல ஆடிட்டர்கிட்ட உட்கார்ந்து பேசிடுங்க, மேனேஜர் பேச்சை வெச்சு முடிவெடுக்க வேண்டாம்.


கடலோரக்காரி
வியாழன், காலை 5.50

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கப்பல் அண்ணா எழுதினதைத் தம்பிக்கும் அனுப்பினேன், அவன் உடனே கூப்பிட்டான்.

ஒரு சந்தேகம். வாடகையை நேரா என் கணக்குக்கே போடச் சொல்லிட்டா, மேனேஜர் கையில பணமே புழங்காது. இது சரிதானே? ஆனா கீழ் வீட்டுல ஒருத்தர் காசிமேட்டுல மீன் ஏலத்துல வேலை செய்யறார். மீன்பிடித் தடைக்காலத்துல அவர் வாடகை மூணு தவணையா வரும். அப்பா எப்பவும் வாங்கிக்குவார்.


சாவிக்கொத்து
வியாழன், காலை 7.10

அங்கதான் கம்பெனிக்காரங்க தடுமாறுவாங்க அம்மா. அஞ்சாம் தேதி தாண்டினா அபராதம்னு மெசேஜ் தானா போகும். ஏப்ரல் நடுவுல இருந்து ஜூன் நடு வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாதுன்னு அந்த மெசேஜுக்குத் தெரியாது.

ஜிபே பண்ண முடிஞ்சவங்க நேரா உங்களுக்கே போடட்டும், நீங்க சொல்றது ரொம்ப சரி. பணமா கொடுக்கறவருக்கு நம்பர் போட்ட ரசீது புக்கு, கார்பன் வெச்சது. நான் ரசீது எழுதி அவங்க கையில கொடுத்து, அவங்க அதைப் பிடிச்சிருக்கற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, ஓனரும் அவங்களும் இருக்கற வாட்ஸ்அப் குரூப்புல அங்கேயே நின்னு போட்டுடுவேன். 500 ரூபா கொடுத்தாலும் அப்படித்தான். என்னை நம்பணும்ங்கறதுக்காகப் பண்ணலை. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தக் குடித்தனம் கொடுத்த பணத்துக்கு சாட்சி வேணும்ல.


மாடிப்படி
வியாழன், மதியம் 2.00

வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டு வரணும்னும் எழுதி வாங்கிக்கோங்க அக்கா. சட்டத்துலயே 24 மணி நேரம்னு இருக்காம். எங்க வீட்டுக்கு வர்றவர் மத்தியானம் ஆம்பளைங்க இல்லாத நேரத்துல கதவைத் தட்டுவார். வாடகை லேட்டானா மோட்டார் ரூமைப் பூட்டிடுவார். தண்ணியையும் கரண்ட்டையும் நிறுத்தக்கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு. எத்தனை பேருக்குத் தெரியுது?


கடலோரக்காரி
அடுத்த மாதம், ஞாயிறு, இரவு 8.30

என்ன ஆச்சுன்னு வந்து எழுதறேன். நாலு நாள் லீவு போட்டு சென்னை போனேன். அப்பா ரூம்ல தங்கினேன்.

ரெண்டு பேரை வீட்டுக்கே வரச் சொல்லிப் பார்த்தேன். சாவிக்கொத்து அண்ணா எனக்குத் தனியா ஒண்ணு எழுதியிருந்தார்: "நீங்க எதுவும் பேசாதீங்க, அவர் எதை முதல்ல பார்க்கறார்னு மட்டும் பாருங்க." அப்படியே செஞ்சேன்.

முதல்ல வந்தவர் நல்ல மனுஷன்தான், தப்பா சொல்ல மாட்டேன். முன்பக்கச் சுவரைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். "பெயிண்ட் அடிச்சு டைல்ஸ் மாத்தினா ஒவ்வொரு போர்ஷனுக்கும் 2,000 ஏத்தலாம், தண்டையார்பேட்டை மெட்ரோ நடக்கற தூரம்"னார். இப்போ இருக்கறவங்க அதைக் கொடுப்பாங்களான்னு கேட்டேன். "இவங்க போனா வேற ஆள் வருவாங்க மேடம்"னார். மாடி அம்மா அப்போ படிக்கட்டுல துணி எடுத்துட்டு இறங்கிட்டிருந்தாங்க. அந்த வார்த்தை அவங்க காதுல விழுந்ததை நான் பார்த்தேன்.

ரெண்டாவதா வந்தது ஒரு அக்கா. கொருக்குப்பேட்டையில தையல் கடை வெச்சிருக்காங்க, வயசு அம்பதுக்கு மேல. அவங்க தெருவுலயே வெளியூர் போனவங்க வீடு ஆறு பார்த்துக்கறாங்க. மாமாவுக்குத் தெரிஞ்ச மளிகைக் கடைக்காரர் சொல்லி வந்தாங்க. செருப்பை வாசல்ல விட்டுட்டு நேரா சம்ப்புக்குப் போனாங்க. மூடியைத் தூக்கி, ஃபோன் டார்ச்சை அடிச்சு உள்ளே பார்த்தாங்க. கையை விட்டுக் கொஞ்சம் தண்ணி அள்ளி மோந்து பார்த்தாங்க. கீழ் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "கண்ணு, மெட்ரோ தண்ணி எத்தனை மணிக்கு விடறான்? முதல்ல கலங்கலா வருதா?"ன்னு கேட்டாங்க. முதல் பத்து நிமிஷம் கலங்கலா வருதுன்னு அவன் சொன்னான். எனக்கு அது தெரியவே தெரியாது. "அப்போ முதல் பத்து நிமிஷம் வெளியே விட்டுட்டு அப்புறம்தான் சம்ப்புல விடணும்"னு அவன்கிட்டயே சொன்னாங்க.

மேல வந்து உட்கார்ந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி: "உங்க அப்பா ஒவ்வொருத்தர்கிட்டயும் அட்வான்ஸ் எவ்வளவு வாங்கியிருக்கார்? அந்தப் பணம் இப்போ எங்க இருக்கு?"

நான் முழிச்சேன். வாடகையைப் பத்தி எவ்வளவோ யோசிச்சிருக்கேன், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கணுமேன்னு ஒரு நாளும் நினைச்சதில்லை. மாமாவோட நோட்டை எடுத்துப் பார்த்தோம். முதல் பக்கத்துலயே இருந்தது. 40,000, 40,000, 50,000. மொத்தம் 1,30,000. "அவங்க காலி பண்றப்போ நான்தான் முன்னாடி நிக்கணும், உங்ககிட்ட இல்லைன்னா எனக்கு வேலை வேண்டாம்"னாங்க. மறுநாளே தனியா ஒரு கணக்குல போட்டு வெச்சுட்டேன்.

கம்பெனிக்காரங்களையும் பார்த்தேன். ஆப்பு, மாச ரிப்போர்ட்டு எல்லாம் நல்லாதான் இருக்கு. அடைப்பு எடுக்க ஆள் எத்தனை மணி நேரத்துல வருவாங்கன்னு கேட்டதுக்கு, டிக்கெட் போட்டா 48 மணி நேரம்னாங்க. அந்த மாடி அம்மாவை நினைச்சுக்கிட்டேன், எழுந்து வந்துட்டேன்.

அக்காகூட எழுதிக்கிட்டது இதுதான். மாசம் வாடகையில 7 சதவீதம், நான் தனியா அவங்க கணக்குக்கு அனுப்பணும். வாடகை நேரா எனக்கு. மீன் அண்ணன் மட்டும் பணமா கொடுப்பார், கார்பன் ரசீது. கையில 5,000. 2,000க்கு மேல போனா ஃபோன். சொல்லாம யார் வீட்டுக்கும் போகக்கூடாது, மோட்டாரைப் பூட்டக்கூடாது. பதிவுப் படிவத்துல மேலாளர் இடத்துல உங்க பேரைப் போடலாமான்னு கேட்டேன். "போடுங்க, ஆதார்ல இருக்கற மாதிரியே எழுதுங்க"ன்னாங்க. ரெண்டு பக்கமும் ஒரு மாச நோட்டீஸ் கொடுத்து விலகிக்கலாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி மூணு வீட்டுக்கும் போய் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன், அக்காவை வெச்சுக்கிட்டே. "இவங்க இருக்காங்கன்னு என்கிட்ட சொல்லாம விட்டுடாதீங்க"ன்னேன். மாடி அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்கப்பா இருந்தப்போ மாடிக்கு வந்து டேங்க்கை எட்டிப் பார்த்துட்டுத்தான் காபி குடிப்பார்"னாங்க. அதுக்கு மேல என்னால அங்க நிக்க முடியலை.


பத்திர எழுத்து
திங்கள், காலை 9.30

மகிழ்ச்சி சகோதரி. தம்பியின் பவர் வரும் வரை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துக்கு இடம் விட்டு வையுங்கள். குடியிருப்பவர்கள் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்தீர்களா?


கடலோரக்காரி
திங்கள், காலை 9.55

ஆமாங்க, நான் அங்க இருந்தப்பவே அக்காவும் நானும் போய்க் கொடுத்துட்டோம். நகல்ல சீல் வாங்கி வெச்சிருக்கேன்.

இன்னிக்குக் காலையில 6.10க்கு அக்காகிட்ட இருந்து முதல் போட்டோ வந்தது. சம்ப்பை இறைச்சுக் கழுவறப்போ எடுத்தது. அடியில நாலு விரக்கடை சேறு. அடுத்த போட்டோவுல சுத்தமான தரை, ஒரு மூலையில விரிசல், அதைச் சுத்தி சாக்பீஸ்ல வட்டம் போட்டிருக்காங்க. "இதுல தண்ணி கசியுது, சாக்கடை லைன் பக்கத்துல போகுது, இந்த வாரமே அடைக்கணும், 3,500 ஆகும், கொத்தனார்கிட்ட பேசிட்டேன், சரின்னா சொல்லுங்க"ன்னு குரல் பதிவு. சரின்னுட்டேன்.

கொளத்தூர் ஃபிளாட்டுக்குத்தான் இன்னும் யாரும் அமையலை. அவ்வளவு தூரம் அக்காவால முடியாதாம், முதல் நாளே சொல்லிட்டாங்க.


சாவிக்கொத்து
திங்கள், காலை 10.20

கொளத்தூர்ல எந்தப் பக்கம் அம்மா? ரெட்டேரி தாண்டின்னா எனக்குத் தூரம். பெரவள்ளூர் பக்கம்னா ஞாயித்துக்கிழமை காலையில நானே வந்து பார்க்கறேன். தண்ணி விடற நேரத்தைக் கேட்டுச் சொல்லுங்க, அந்த நேரத்துக்கு வரேன்.